பட்டாளத்தில் என்ன வேலை?

பட்டாளத்திலிருந்து வந்தவரிடம் ஊர் கேட்கும் கேள்விகள் அநேகமாக ஒன்றேதான். எந்த பார்டரில் இருந்தீர்கள், பனி எவ்வளவு உயரம் விழும், சண்டையைப் பார்த்திருக்கிறீர்களா, இந்தி சரளமாக வருமா, கேன்டீன் கார்டு இருக்கிறதா. கடைசிக் கேள்வி மட்டும் குரலைக் கொஞ்சம் தாழ்த்திக்கொண்டு வரும். வேலூர், திருவண்ணாமலைப் பக்கத்து டீக்கடைகளில் இவற்றுக்குப் பதில் சொல்லிச் சலித்தவர்கள் ஏராளம். "என்ன வேலைண்ணே பார்த்தீங்க அங்க?" என்று யாரும் கேட்பதில்லை. பட்டாளத்தில் இருந்தார் என்றாலே வேலை என்னவென்று தெரிந்துவிட்டதாக எல்லோருக்கும் ஒரு நினைப்பு. துப்பாக்கியோடு எல்லையில் நின்றிருப்பார். இப்போது துப்பாக்கி இல்லாமல் ஏதாவதொரு வாசலில் நிற்பார். அங்கே நின்றதற்கும் இங்கே நிற்பதற்கும் நடுவில் பதினேழு, இருபத்துநான்கு வருடங்கள் ஒரு மனிதன் கற்றுத் தேர்ந்த தொழில் ஒன்று காணாமல் போகிறது. அது காணாமல் போனதே யார் கண்ணிலும் படுவதில்லை என்பதுதான் உறுத்துகிறது.

உள்ளே இருந்தவர்களுக்குத் தெரியும், ராணுவத்தில் ட்ரேட் இல்லாத ஆள் கிடையாது. காலாட்படையின் ஜெனரல் டியூட்டி சிப்பாய் ஒரு ட்ரேட். கிளார்க், ஸ்டோர்கீப்பர், நர்சிங் அசிஸ்டன்ட், ரேடியோ ஆபரேட்டர், டிரைவர், வண்டி மெக்கானிக், வெல்டர், சமையல்காரர், முடிதிருத்துபவர், பாலம் கட்டுபவர், கண்ணிவெடி எடுப்பவர் என ஒரு நகரம் நடப்பதற்கு வேண்டிய தொழில்கள் அத்தனையும் அங்கே உண்டு. லீவில் வரும்போதெல்லாம் ரயில் சீட்டுக்கு அடியில் தள்ளிவைத்த கறுப்பு டிரங்குப் பெட்டியின் மேல் வெள்ளைப் பெயின்ட்டில் நம்பர், ரேங்க், பெயர், யூனிட் எல்லாம் எழுதியிருக்கும். ரேங்க் உயரும்போது பழைய எழுத்தின் மேல் கறுப்படித்துப் புதிதாக எழுதுவார்கள். வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால் சிப்பாயின் மேல் நாயக், நாயக்கின் மேல் ஹவில்தார் என்று அடுக்கடுக்காகப் புடைத்துத் தெரியும். பணி முடிந்து வந்த பிறகு அந்தப் பெட்டி பரணுக்குப் போய்விடுகிறது. டிஸ்சார்ஜ் புக் மட்டும் பீரோவில் பத்திரமாக இருக்கும். குணநலன் 'எக்ஸம்ப்ளரி' என்று முத்திரை குத்திய பக்கத்தை எல்லா இன்டர்வியூவிலும் புரட்டிப் பார்க்கிறார்கள். ட்ரேட் எழுதிய பக்கம் புரட்டப்படுவது அபூர்வம்.

பெங்களூரு அல்சூர் ஏரியை ஒட்டியிருக்கும் மெட்ராஸ் என்ஜினியர் குரூப்பின் ஆட்களுக்கு ராணுவம் முழுக்க 'தம்பி' என்றுதான் பெயர். 1780இல் தொடங்குகிறது அவர்களுடைய வரலாறு. 2024 ஜூலை கடைசியில் வயநாட்டில் மலை சரிந்து முண்டக்கையும் சூரல்மலையும் மண்ணுக்குள் போனபோது, அக்கரைக்குப் போக வழியில்லாமல் மீட்புப் பணி திணறியது. இந்தத் தம்பிகள்தான் ராத்திரி பகல் பார்க்காமல் 190 அடி நீளத்தில் ஒரு பெய்லி பாலத்தைப் போட்டு, ஆகஸ்ட் 1 மாலையில் வண்டிகளை அக்கரைக்கு விட்டார்கள். வேலை தொடங்கி முடிக்க ஏறத்தாழ 31 மணி நேரம். தொலைக்காட்சியில் அதைப் பார்த்தவர்களுக்கு இரும்புச் சட்டங்களும் மழையும்தான் நினைவிருக்கும். பெய்லி பாலத்தின் ஒரு பேனல் 10 அடி நீளம், ஏறத்தாழ 260 கிலோ எடை. ஆறு பேர் சேர்ந்து தூக்கி, ஒன்றின் காதை இன்னொன்றின் காதோடு பொருத்திப் பின் அடிக்க வேண்டும். பாலம் இக்கரையில் உருளைகளின் மேல் நீளமாக வளர்ந்து, முன்பக்கம் எந்தத் தாங்கலும் இல்லாமல் அந்தரத்தில் நகர்ந்துபோய் அக்கரையைத் தொடும். பின்பாரம் கொஞ்சம் குறைந்தாலும் மூக்கு ஆற்றுக்குள் இறங்கிவிடும். எத்தனை பேனல் சேர்ந்ததும் தள்ளலாம், எங்கே நிறுத்த வேண்டும், எந்த உருளையில் யார் நிற்க வேண்டும் என்பதெல்லாம் பல வருடங்கள் அந்த இரும்போடு புழங்கிய ஹவில்தாரின் கண்ணுக்குத் தெரியும். சூத்திரம் மேனுவலில் இருக்கிறது. மழையில் வழுக்கும் கரையில் அதை எப்படிச் செய்வது என்பது ஆளிடம்தான் இருக்கிறது. அந்த ஆள் ஓய்வு பெற்று ஊருக்கு வந்து ஒரு கட்டுமானக் கம்பெனியில் போய் நின்றால், டிப்ளமோ இருக்கிறதா என்று கேட்பார்கள். இல்லை என்றால் சைட் செக்யூரிட்டியாகச் சேர்கிறீர்களா என்பார்கள்.

சமமாக மதிப்பதற்கு அரசிடம் ஒரு வழி இருக்கிறது. பத்தாம் வகுப்புப் படித்து, 15 ஆண்டுகள் படையில் பணியாற்றியவரை குரூப் சி பதவிகளுக்குப் பட்டதாரிக்கு நிகராகக் கொள்ளலாம் என்று 1986இல் மத்திய அரசு ஆணை பிறப்பித்தது. பள்ளிக்கூடத்தை விட்டு ஓடிவந்து ஆள்சேர்ப்பு வரிசையில் நின்ற எத்தனையோ பேருக்கு வங்கியிலும் அரசு அலுவலகத்திலும் கதவு திறந்துவிட்ட ஆணை அது. அதன் நன்மையைக் குறைத்துச் சொல்ல முடியாது. ஆனால் அதன் நிபந்தனையைக் கவனிக்க வேண்டும். தொழில்நுட்ப, தொழில்முறை அனுபவம் தேவைப்படாத பதவிகளுக்கு மட்டுமே அது செல்லும். பாலம் போட்டவரும் ரேடியோ இயக்கியவரும் காயத்துக்குக் கட்டுப் போட்டவரும் ஒரே பட்டத்தைப் பெறுகிறார்கள், பாடம் எதுவும் இல்லாத பட்டம். அவர்கள் கழித்த காலம் கணக்கில் சேர்கிறது. அந்தக் காலத்தில் செய்த வேலை சேரவில்லை.

உலக அளவிலும் இதே பார்வைதான். ஜெனீவாவில் இயங்கும் பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு தொழில்களை வகைப்படுத்தும் பட்டியல் ஒன்றை வைத்திருக்கிறது. 2008 பதிப்பில் பத்துப் பெரும் பிரிவுகள். மருத்துவர் ஒரு பிரிவு, தச்சர் ஒரு பிரிவு, லாரி ஓட்டுநர் ஒரு பிரிவு என்று ஒவ்வொருவரும் என்ன செய்கிறார் என்பதை வைத்துத்தான் பிரித்திருக்கிறார்கள். படையினருக்கு மட்டும் பூஜ்யம் என்ற எண்ணில் தனிப் பிரிவு. அதன் உட்பிரிவுகள் மூன்று: அதிகாரிகள், அதிகாரிக்குக் கீழ்ப்பட்ட பொறுப்பாளர்கள், மற்ற நிலையினர். படையில் இருக்கும் சமையல்காரரும் மெக்கானிக்கும் அந்தப் பூஜ்யத்துக்குள்தான் வருவார்கள். புள்ளிவிவரம் எடுப்பவர்களுக்கு அதற்கு வசதியான காரணங்கள் இருக்கலாம். ஆனாலும் ஊர் டீக்கடையின் கண்ணும் ஜெனீவாவின் கண்ணும் ஒரே இடத்தில் மறைப்பது யோசிக்க வைக்கிறது. ரேங்கைப் பார்க்கிறார்கள், உடுப்பைப் பார்க்கிறார்கள், கையைப் பார்ப்பதில்லை.

கைக்கு இன்னொரு உதாரணம் நர்சிங் அசிஸ்டன்ட். உயர்மலை முகாமில் ராத்திரி ஒரு சிப்பாய்க்கு மூச்சு முட்டும். உயரத்தால் நுரையீரலில் நீர் கோத்துக்கொள்வது அங்கே வழக்கமான ஆபத்து. மூச்சில் வரும் கொறகொறப்பைக் கேட்டு, உதடு நீலம் பாய்வதைப் பார்த்து, ஆக்சிஜன் கொடுத்து, விடிவதற்குள் ஆளைக் கீழே இறக்கியாக வேண்டும் என்று முதலில் உணர்வது பெரும்பாலும் முகாமில் இருக்கும் நர்சிங் அசிஸ்டன்ட்தான். பனியில் மரத்துப்போன விரலை எந்தச் சூட்டில் எவ்வளவு நேரம் வைக்கலாம் என்பது அவருக்குப் பழகிய பாடம். செவிலியர் மன்றத்தில் பதிவு செய்தவர்தான் மருத்துவமனையில் செவிலியராக வேலை பார்க்க முடியும். அந்த விதி நோயாளியின் பாதுகாப்புக்காக ஏற்பட்டது, அதில் தவறில்லை. ராணுவத்தில் பெற்ற நர்சிங் அசிஸ்டன்ட் பயிற்சி அந்தப் பதிவைத் தந்துவிடாது. அதனால் சிகிச்சை அறைக்குள் நிற்க வேண்டிய ஒருவர் மருத்துவமனையின் வாசலில், பார்வையாளர் நேரம் முடிந்துவிட்டது என்று சொல்லிக்கொண்டு நிற்க நேர்கிறது. உள்ளே ஸ்ட்ரெச்சரைத் தள்ளத் தெரியாமல் தடுமாறும் பையனை அவர் அங்கிருந்து பார்த்துக்கொண்டிருக்க வேண்டும்.

வாசலில் நிற்பது இழிவான வேலை என்று சொல்ல வரவில்லை. முன்னாள் படைவீரர்களுக்காகத் தமிழ்நாடு அரசு 1986இல் தொடங்கிய டெக்ஸ்கோ நிறுவனம் எத்தனையோ குடும்பங்களுக்குச் சோறு போட்டிருக்கிறது. அனல்மின் நிலையங்களிலும் அரசு மருத்துவமனைகளிலும் அவர்கள் காவல் காப்பதை எல்லோரும் பார்த்திருக்கிறோம். உறுத்துவது வேறு. தனியார் பாதுகாப்பு நிறுவனங்களை ஒழுங்குபடுத்தும் 2005ஆம் ஆண்டுச் சட்டம் முன்னாள் படைவீரருக்கு முன்னுரிமை தரலாம் என்கிறது. அதே சட்டம், காவலர் யாரும் முப்படை உடுப்பையோ அதைப்போலத் தோன்றும் எதையுமோ அணியக் கூடாது, அணிந்தால் ஓராண்டு வரை சிறை என்றும் சொல்கிறது. போலிகளைத் தடுக்கும் நியாயமான விதிதான். பதினேழு வருடம் அந்த உடுப்புக்குக் கஞ்சி போட்டு, மடிப்பு வைத்து, பெல்ட்டுக்குப் பாலிஷ் ஏற்றியவருக்கு அது எப்படிப் படும் என்பதைச் சட்டம் எழுதுபவர்கள் யோசித்திருக்க முடியாது. ஏஜென்சி கொடுத்த நீலச் சட்டை தோளில் தொளதொளக்கும். தோளில் தொங்கும் மஞ்சள் கயிற்றுக்கு எந்த அர்த்தமும் கிடையாது. எந்தப் படையின் அடையாளமும் அதில் இல்லை, எந்தப் பணியின் நினைவும் இல்லை.

சல்யூட் விஷயமும் அப்படித்தான். அடுக்குமாடிக் குடியிருப்பின் கேட்டில் கார் நுழையும்போது காவலர் சல்யூட் வைக்க வேண்டும் என்று பல சங்கங்கள் எதிர்பார்க்கின்றன. பட்டாளத்துக்காரர் என்றால் இன்னும் விறைப்பாக வைப்பார் என்று ஆசைப்பட்டே எடுப்பவர்களும் உண்டு. ராணுவத்தில் சல்யூட் என்பது இரண்டு பேர் செய்வது. சிப்பாய் வைத்தால் அதிகாரி திருப்பி வைத்தே ஆக வேண்டும். எவ்வளவு பெரிய ஜெனரலும் அதிலிருந்து தப்ப முடியாது. தலையில் தொப்பி இல்லாவிட்டால் சல்யூட் கிடையாது, விறைப்பாக நிற்பதோடு சரி. கேட்டில் வைக்கும் சல்யூட்டுக்குப் பதில் வருவதில்லை. கண்ணாடி ஏற்றிய காரில் உள்ளே இருப்பவர் போனைப் பார்த்துக்கொண்டே போய்விடுவார். ஒரு நாளைக்கு நூறு தடவை பதில் வராத சல்யூட்டை வைத்துப் பழகும் கைக்குள் என்ன நடக்கிறது என்று நின்று பார்க்க யாருக்கும் நேரமில்லை.

இந்தப் பட்டாள மாவட்டங்களில்தான் நடுகற்களும் நிறைய. வேலூர் பக்கத்துக் கம்மவான்பேட்டையில் வீட்டுக்கு ஒருவராவது படைக்குப் போனவர் இருப்பார் என்று சொல்வது வழக்கம். அங்கிருந்து அதிகத் தூரமில்லை செங்கம். பல்லவர் காலத்திலிருந்து ஆநிரைப் பூசல்களில் செத்தவர்களுக்கு அந்த வட்டாரம் கல் நட்டிருக்கிறது. கல்லில் அரசனின் ஆட்சியாண்டு, வீரனின் பெயர், யாருடைய ஆள், எந்தப் பூசலில் என்ன செய்து பட்டான் என்று எழுதியிருக்கும். எடுத்தனூர்க் கல்லில் வீரனோடு ஒரு நாயும் செதுக்கப்பட்டிருக்கிறது. அதன் பெயர் கோவிவன் என்றும், அது இரண்டு கள்வர்களைக் கடித்தது என்றும் ஏழாம் நூற்றாண்டின் எழுத்து சொல்கிறது. நாய்க்கும் பெயர் உண்டு, அது செய்த வேலையும் பதிவில் உண்டு. செத்தவன் என்ன செய்தான் என்று எழுதிவைக்க இந்த மண்ணுக்கு நன்றாகத் தெரிந்திருந்தது. கல்லை நாடிப் பார்ப்பது முதல் வாழ்த்துவது வரை ஆறு கட்டங்களாகத் தொல்காப்பியம் அதற்கு இலக்கணமே வகுத்தது. உயிரோடு திரும்பியவனுக்கு என்ன செய்வது என்பதில்தான் நம் மரபு மௌனமாக இருக்கிறது. படத்தில், நாடகத்தில் ஏற்ற வேடம் ரேங்காக ஒட்டிக்கொள்வதை நாம் மனதார ஏற்றுக்கொண்டோம். 'மேஜர் சந்திரகாந்த்' நாடகத்தில் நடித்த சுந்தரராஜன் கடைசிவரை மேஜர் சுந்தரராஜன்தான், 'கேப்டன் பிரபாகரன்' வந்த பிறகு விஜயகாந்த் கேப்டன்தான். இருபத்தெட்டு வருடம் உழைத்து சுபேதார் ஆனவரைத் தெருவைத் தாண்டினால் யாரும் அப்படி அழைப்பதில்லை.

இங்கே ஒரு சந்தேகத்தையும் சொல்லியாக வேண்டும். ட்ரேட் என்பது அவர்கள் தேர்ந்தெடுத்ததா? ஆள்சேர்ப்பு மைதானத்தில் ஓடி, மார்பை அளந்து, எழுத்துத் தேர்வு முடிந்ததும் உனக்கு இது என்று ஒதுக்கப்பட்டது. மானாவாரிப் பூமியில் விளைச்சல் பொய்த்த வீடுகளிலிருந்து மாதச் சம்பளத்துக்காகப் போனவர்கள்தான் அதிகம். அப்படி வந்து ஒட்டிய தொழிலைப் பிடித்துக்கொண்டே வாழ்நாள் முழுவதும் இருக்க வேண்டும் என்று வெளியாள் எப்படிச் சொல்வது? சிலருக்கு அந்த இரும்பின் வாசனையே வேண்டாமென்று இருக்கும். பென்ஷன் வருகிறது, பிள்ளைகளோடு இருந்தால் போதும், கூட நாலு பட்டாளத்துக்காரர்கள் ஷிப்ட்டில் இருந்தால் பழைய பேச்சு பேசிக்கொண்டு பொழுது போகும் என்று கேட் வேலையை விரும்பியே எடுப்பவர்கள் இருக்கிறார்கள். அவர்களுடைய நிம்மதியைக் குறை சொல்ல ஒருவருக்கும் உரிமையில்லை. ஆனால் விரும்பி விடுவது வேறு, கேட்காமலே பறிபோவது வேறு. விடுவதா வேண்டாமா என்று முடிவெடுக்கும் வாய்ப்பாவது அவர்கள் கையில் இருக்க வேண்டும்.

வீட்டுக்குள்ளும் இந்தப் பிரச்சினை நுழைகிறது. சிப்பாய்க்கு வருடத்துக்கு 60 நாள் ஆண்டு விடுப்பு, 30 நாள் தற்செயல் விடுப்பு. அதுவும் கிடைத்தால்தான். அத்தனை வருடமும் அவர் வீட்டுக்கு விருந்தாளியாகத்தான் வந்து போயிருக்கிறார். ரேஷன் கடை, கரண்ட் பில், பள்ளிக்கூட மீட்டிங், மாமியாரின் சர்க்கரை மாத்திரை, கிணற்று மோட்டார் ரிப்பேர் என எல்லாவற்றையும் தனியாக நின்று நடத்தியவர் மனைவி. முப்பத்தெட்டு வயதில் ஆள் நிரந்தரமாக வந்து சேர்கிறார். காலை ஐந்து மணிக்கு எழுந்து கொல்லையில் உலாத்துகிறார். பாத்திரம் அடுக்கிய ஒழுங்கில் குற்றம் காண்கிறார். எதற்குமே தன் தேவை இல்லாமல் வீடு ஓடுவதைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கண்டுகொள்கிறார். "சும்மாதானே இருக்கீங்க, எங்கயாவது செக்யூரிட்டிக்குப் போனா என்ன?" என்று மனைவி சொல்வதில் அக்கறை இருக்கிறது, அலுப்பும் இருக்கிறது. பத்துப் பேர் கொண்ட செக்ஷனை நடத்தியவர் அவர். யாருக்கு லீவு அவசரம், யார் இரண்டு நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லை, யார் வீட்டுக் கடிதத்தைப் படித்துவிட்டுத் துப்பாக்கியோடு தனியாகப் போகிறான் என்று பார்த்துக்கொண்டே இருந்தவர். ஆளைப் படிக்கும் அந்தக் கலைக்கு டிஸ்சார்ஜ் புக்கில் பத்தி கிடையாது.

அதிகாரிகளின் கதை கொஞ்சம் வேறு. மறுவாழ்வுத் தலைமை இயக்குநரகம் அவர்களுக்கு ஐஐஎம்களில் ஆறு மாதப் படிப்புக்கு ஏற்பாடு செய்கிறது. எட்டு வருடம் பணியாற்றி விலகிய கேப்டன் கோபிநாத் விவசாயம் பார்த்து, பிறகு 2003இல் ஏர் டெக்கான் தொடங்கியதை எல்லோரும் சொல்வார்கள். அவர்களுக்கும் சிரமங்கள் உண்டு. இருந்தாலும் அவர்கள் கொண்டுவரும் திறமையை வெளியுலகம் நிர்வாகம் என்று பார்க்கிறது. ஹவில்தார் கொண்டுவருவதைக் கீழ்ப்படிதல் என்று பார்க்கிறது.

இதைச் சரியாகச் செய்யவே முடியாது என்பதில்லை. ராணுவ அஞ்சல் படையில் பெரும்பாலானவர்கள் அஞ்சல் துறையிலிருந்து போனவர்கள். உடுப்பு மாட்டி, ரேங்க் வாங்கி, எல்லை முகாமில் சிப்பாய்களின் கடிதத்தையும் மணியார்டரையும் பட்டுவாடா செய்துவிட்டு, திரும்பித் தங்கள் துறைக்கே வருகிறார்கள். முத்திரை குத்தின கை அதே முத்திரையைத் தொடர்ந்து குத்துகிறது. அந்த வேலை உள்ளேயும் வெளியேயும் ஒன்றுதான் என்று இரண்டு துறைகளும் ஒப்புக்கொண்டிருப்பதால் அது நடக்கிறது. இன்னொன்று, நாம் மறந்துவிட்டது. பிளஸ் டூ முடித்த ஒவ்வொரு தமிழ்ப் பிள்ளையும் கால்கடுக்க நின்று பதிவு செய்த வேலைவாய்ப்பு அலுவலகம் வளர்ந்ததே படைவீரருக்காகத்தான். இரண்டாம் உலகப் போர் முடியும் தறுவாயில் இந்தியப் படையில் 25 லட்சம் பேர் இருந்தார்கள். அவர்கள் வெளியே வரும்போது வேலை தேடித் தர 1945 ஜூலையில் ஒரு தலைமை இயக்குநரகம் தொடங்கி, நாடு முழுக்கக் கிளைகள் போட்டார்கள். தேசப் பிரிவினையில் இடம்பெயர்ந்தவர்களுக்கும், 1948இல் எல்லோருக்கும் அது திறந்துவிடப்பட்டது. சிப்பாய்க்காகத் தொடங்கியது ஊருக்கே பயன்பட்டது. சிப்பாய் அதில் ஓர் ஒதுக்கீட்டு எண்ணாகச் சுருங்கினார்.

ஆண்டுதோறும் ஏறத்தாழ 60,000 பேர் முப்படைகளிலிருந்து வெளியே வருகிறார்கள். அக்னிபத் திட்டம் அதில் இன்னொரு கணக்கைச் சேர்த்திருக்கிறது. 2022 இறுதியிலும் 2023 தொடக்கத்திலும் பயிற்சிக்குப் போன முதல் அணிகளுக்கு நான்கு ஆண்டுகள் முடிந்ததும் நால்வரில் ஒருவர்தான் தொடர்வார் என்பது திட்டம். மற்ற மூவர் இளம் வயதிலேயே, பென்ஷன் இல்லாமல், சேவா நிதியாக ஏறத்தாழ 11.71 லட்சம் ரூபாயோடு ஊர் திரும்புவார்கள். முந்தைய தலைமுறைக்குக் கேட்டில் நிற்பது பென்ஷனுக்கு மேல் ஒரு வருமானமாக இருந்தது. இவர்களுக்கு அடுத்து வரும் வேலைதான் முழு வாழ்க்கை. இந்த இடத்தில் ஒரு நல்ல தொடக்கம் நடந்திருக்கிறது. பணிக்காலப் பயிற்சியைப் பட்டப்படிப்பின் பாதி கிரெடிட்டாகக் கொள்ளும் மூன்றாண்டுப் படிப்பு ஒன்றை இக்னோ மூலம் தருவதாக மத்திய அரசு அறிவித்தது. செய்த வேலையே படிப்பு என்று ஏற்பதற்கான ஓர் அடி அது.

மிச்ச அடிகளை மாநிலங்கள்தான் வைக்க வேண்டும். தமிழ்நாட்டின் தொழிற்பயிற்சித் துறை, தொழில்நுட்பக் கல்வித் துறை, செவிலியர் மன்றம், மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகங்கள் நான்கும் ஒரே மேஜையில் உட்கார்ந்து, ராணுவத்தின் ஒவ்வொரு ட்ரேடுக்கும் இங்கே எந்தச் சான்றிதழ் நிகர், எதற்கு எத்தனை மாதக் கூடுதல் பயிற்சி வேண்டும், அதற்கான தேர்வு எந்த ஊரில் எந்த மாதம் நடக்கும் என்று பட்டியல் போட்டு, ஓய்வு பெறுவதற்கு ஒரு வருடம் முன்பே ஒவ்வொருவர் கைக்கும் போய்ச் சேரும்படி அனுப்ப வேண்டும். இதற்குப் புதுச் சட்டம் எதுவும் வேண்டியதில்லை.